வாவிக்கரையில் ஜாஸ்: எழுதியவளே பாடும்போது எதைக் கேட்பது?

கேள்வி: மட்டக்களப்பு வாவிக்கரையில் அடுத்த மாதம் ஓர் இலவச இசை மாலை நடக்கிறதாம். நான்கு பெண்கள் தாங்களே எழுதி மெட்டமைத்த ஜாஸ் பாட்டுகளைப் பாடுகிறார்கள். எனக்கு ஜாஸ் என்றால் என்னவென்றே தெரியாது. பதினைந்து வயது மகள் பள்ளிக்கூடத்தில் கர்நாடக சங்கீதம் படிக்கிறாள், கொப்பியின் பின்பக்கத்தில் பாட்டும் எழுதுகிறாள். போயே ஆகவேண்டும் என்று நிற்கிறாள். மாமி, அது குடிக்கிற இடத்துப் பாட்டு என்கிறார். போனால் எங்களுக்கு விளங்குமா? ஏன் காசு வாங்காமல் நடத்துகிறார்கள்?

பதில்:

போங்கள் தங்கச்சி. மகளோடு மாமியையும் கூட்டிக்கொண்டு போங்கள். பாய் ஒன்று, தண்ணீர்ப் போத்தல் ஒன்று, நுளம்புக்குப் பூசுகிற மருந்து. இவ்வளவும் போதும். விளங்குமா என்ற கேள்விக்குத்தான் கொஞ்சம் நீளமாகக் கதைக்க வேண்டியிருக்கிறது. நானே அந்தக் கேள்வியோடு வருடக்கணக்காக இருந்தவள். முப்பது வருடம் பள்ளிக்கூடங்களில் சங்கீதம் படிப்பித்தேன், ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயத்தில் ஓர்கன் வாசித்தேன். அப்படி இரண்டு பக்கமும் காது வைத்திருந்தும் ஜாஸ் எனக்கு லேசில் பிடிபடவில்லை.

முதலில் என் வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். ஆசிரியப் பயிற்சியில் இருந்த காலத்தில் கொழும்பில் ஒரு ஜாஸ் கச்சேரிக்குப் போனேன். அதுவும் இலவசம்தான். சாக்ஸபோன்காரர் தன் பங்கை வாசித்து வாயிலிருந்து கருவியை எடுத்தார். பாட்டு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. பக்கத்துக் கதிரைக்காரர் படபடவென்று கைதட்டினார். கச்சேரிக்குப் போய்ப் பழக்கமில்லாத மனிதன் என்று நினைத்து நன்றாக முறைத்தேன். கொஞ்ச நேரத்தில் பியானோக்காரர் தன் பங்கை முடித்தார். இந்த முறை முழு மண்டபமும் தட்டியது. தட்டாமல் இருந்தது நான் ஒருத்திதான். ஜாஸில் ஒவ்வொருவரின் தனி வாசிப்பு முடிகிற இடத்திலும் பாட்டு முடியக் காத்திராமல் தட்டுவது மரியாதை. தனி ஆவர்த்தனம் முடிய நாங்கள் தட்டுவதில்லையா, அதே கணக்குத்தான். ஆக, உங்கள் மகள் நடுவில் தட்டினால் தடுக்காதீர்கள்.

சரி, ஜாஸ் என்றால் என்ன? அமெரிக்காவின் தெற்கே, மிசிசிப்பி ஆறு கடலைத் தொடுகிற பக்கத்தில் நியூ ஓர்லியன்ஸ் என்றொரு துறைமுக நகரம். ஆபிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட சனம் ஞாயிற்றுக்கிழமைகளில் கொங்கோ சதுக்கம் என்ற வெளியில் கூடி முரசடித்து ஆடியது. அந்தத் தாளமும் தேவாலயப் பாட்டும் தோட்டக் கூலிகளின் ஏக்கப் பாட்டும் ஐரோப்பியரின் ஊதுகருவிகளும் ஒரே ஊரில் நெருக்கியடித்து வாழ்ந்து, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒன்றோடொன்று கலந்ததுதான் ஜாஸ். முதல் ஜாஸ் இசைத்தட்டு 1917 இல் வந்தது. அதை வாசித்தவர்கள் வெள்ளையர்கள் என்பது அந்த நாட்டின் வேறொரு கதை.

இப்படிக் கலந்த ஒன்று எங்கள் ஊரிலும் இருக்கிறது. ஐரோப்பிய வழிவந்த பறங்கியர் கலியாணத்தில் கபிரிஞ்ஞா ஆட்டம் பார்த்திருக்கிறீர்களா? போர்த்துக்கீசர் விட்டுப்போன மொழி, ஐரோப்பிய வயலின், அடியில் ஆபிரிக்கரிடமிருந்து வந்த துள்ளல் தாளம். பெயரிலேயே காப்பிரி, அதாவது ஆபிரிக்கர், இருக்கிறார். டச்பார் என்ற ஊரில் இருந்த குடும்பங்கள் பல, சுனாமிக்குப் பிறகு பனிச்சையடிப் பக்கம் போய்விட்டன. ஆனால் ஆட்டம் நிற்கவில்லை. ஒரு கலியாணத்தில் வயலின்காரர், வயசாளி, ஒரே மெட்டை மூன்றாம் முறை வாசிக்கும்போது அதில் இல்லாத ஒரு வளைவைப் போட்டார். ஆடிக்கொண்டிருந்த பெண்கள் அந்த இடத்தில் ஒரு சத்தம் போட்டுச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எதற்காக வந்ததோ அதற்காகத்தான் ஜாஸ் கேட்கிறவர்களும் போகிறார்கள்.

நியூ ஓர்லியன்ஸுக்கும் மட்டக்களப்புக்கும் இன்னொரு தொடர்பும் உண்டு, ஊரிலேயே பலர் மறந்துபோனது. புனித மிக்கேல் கல்லூரியில் படிப்பித்த அமெரிக்க இயேசு சபைக் குருமார்கள் நியூ ஓர்லியன்ஸ் மாகாணத்திலிருந்து வந்தவர்கள். பாதர் மில்லர் அந்த நகரத்திலேயே பிறந்து 1948 இல் இங்கே வந்தவர். 1990 இல் காணாமல் போன பாதர் ஹேபர்ட் அதே லூசியானா மாநிலத்துக்காரர். அவர்கள் இங்கே கூடைப்பந்தும் ஆங்கிலமும் தந்தார்கள். ஜாஸைப் பெட்டியில் கொண்டுவந்தார்களா என்று கேட்காதீர்கள். ஆனால் ஜாஸ் பிறந்த ஊரின் பேச்சுச் சத்தம் புளியந்தீவுத் தெருவில் நடமாடியிருக்கிறது என்று நினைக்க எனக்குப் பிடிக்கும்.

இனி மாமியின் கதைக்கு வருவோம். அவர் சொல்வதில் பொய் இல்லை. மதுச்சாலையிலும் நடன மண்டபத்திலும் அதைவிட மோசமான இடங்களிலும் ஜாஸ் வாசிக்கப்பட்டது, கறுப்பினக் கலைஞருக்குச் சம்பளம் கிடைத்த இடங்கள் அவைதான் என்பதால். அதே ஊரில் அதே ஆக்கள் சாவு வீட்டிலும் வாசித்தார்கள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு இடுகாட்டுக்குப் போகும்போது மெதுவாக அழுகிற மெட்டு. அடக்கம் முடிந்து திரும்பும்போது தெருவே ஆடுகிற மெட்டு. பறைமேளம் கேட்டு வளர்ந்த மாமிக்கு இதை விளங்கப்படுத்த உங்களுக்கு அதிக நேரம் எடுக்காது. மறுகா, வாவிக்கரையில் குடும்பமாக இருந்து கேட்கிற கச்சேரியில் குடிக்க என்ன இருக்கப்போகிறது, தேத்தண்ணிக் கடையைத் தவிர?

இப்போது காதுக்கு வேலை. சங்கீதம் படிக்கிற பிள்ளைக்கு ஜாஸ் முதலில் ஓர் எரிச்சலைத் தரும். ஏன் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். எங்கள் கச்சேரியில் சுருதிப்பெட்டி அசையாது. ஸட்ஜமும் பஞ்சமமும் தரை மாதிரிக் கிடக்கும், மேலே ராகம் நடக்கும். ஜாஸில் அந்தத் தரையே நகரும். பியானோவும், பேஸ் என்ற பெரிய தந்தி வாத்தியமும் ஓரிரு தாளக்கட்டத்துக்கு (நாலு எண்ணுகிற சுற்று ஒரு கட்டம்) ஒருமுறை கீழே இருக்கிற சுரக்கூட்டை, அதாவது ஒன்றாக ஒலிக்கிற சில சுரங்களை, மாற்றிக்கொண்டே போகும். பாடுகிறவள் அந்தர காந்தாரத்தில் அப்படியே நிற்கிறாள் என்று வையுங்கள். கீழே ஒரு கூட்டு வரும்போது அது சிரிக்கும், அடுத்த கூட்டு வரும்போது அதே காந்தாரம் கலங்கும், அதற்கடுத்ததில் எங்கேயோ போக அவசரப்படும். அவள் சுரத்தை மாற்றவே இல்லை. மகளை ஹார்மோனியத்தில் இதைச் செய்து பார்க்கச் சொல்லுங்கள். வலது கையில் காந்தாரத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு இடது கையில் முதலில் ஸ-க-ப, பிறகு கீழ்த் தைவதத்தில் தொடங்கி த-ஸ-க. ஐந்து நிமிடத்தில் பிடித்துவிடுவாள்.

தாளமும் அப்படித்தான். நாங்கள் சமத்தில் தட்டிப் பழகியவர்கள். நாலு எண்ணினால் ஒன்றில் கை விழும். ஜாஸில் இரண்டிலும் நாலிலும்தான் சொடக்குப் போடுவார்கள். ட்ரம்ஸ்காரரின் இடது கால், ஜால்ரா மாதிரிச் சோடியாக நிற்கிற தட்டை அந்த இரண்டிலும் நாலிலும்தான் மூடும். கூட்டத்தில் எல்லோரும் ஒன்றில் தட்டினால் பாடுகிறவளுக்குக் கால் தடுக்கும். அதோடு பாடகி தாளத்துக்குப் பின்னால் வேண்டுமென்றே தொங்கி வருவாள். மகள் அநாகத எடுப்பு, அதாவது தாளம் தொடங்கிய பிறகு பாட்டை எடுப்பது, படித்திருப்பாள். ஆனால் அங்கே இடம் கணக்குப் போட்டு வைத்தது. இங்கே அப்படிக் கணக்கு இல்லை, கதைக்கிற பேச்சுப் போல ஒரு சொல்லைப் பிடித்து வைத்துவிட்டுப் பிறகு இரண்டை ஒன்றாகக் கொட்டுவாள். கீழே பேஸ் ஒழுங்காக நடந்துகொண்டிருப்பதால்தான் அவளால் அப்படித் தொங்க முடிகிறது.

ஆகவே பேஸைக் கேளுங்கள். ஆளுயர வயலின் போல நிற்கிற அந்தப் பெரிய மரப்பெட்டியை வில் இல்லாமல் விரலால் இழுத்து வாசிப்பார்கள். மீன் பாடும் ஊர் என்று பலகை போட்டு வைத்திருக்கிறோம். நிலவுக் காலத்தில் கல்லடிப் பாலத்தடியில் தோணியை நிறுத்தி, துடுப்பைத் தண்ணீருக்குள் விட்டு அதன் மறுநுனியில் காதை வைத்துத்தான் அந்தச் சத்தத்தைக் கேட்பார்கள். மேலே காற்றும் வாகனமும் இரையும், மரத்தின் வழியாக மட்டும் அது வரும். பேஸும் அப்படித்தான். தேடாதவருக்குக் கேட்காது. ஒருமுறை பிடித்துவிட்டால் மேலே என்ன கலவரம் நடந்தாலும் நீங்கள் தொலைந்து போகமாட்டீர்கள்.

பாட்டின் கட்டுமானமும் அவ்வளவு பெரிய ரகசியம் இல்லை. முதலில் பாடகி மெட்டை ஒருமுறை முழுதாகப் பாடுவாள். பிறகு அந்த மெட்டின் கீழிருந்த சுரக்கூட்டுகள் மட்டும் சுற்றிச் சுற்றி ஓட, அதன்மேல் ஒவ்வொருவராகப் புதிதாகக் கற்பனை செய்வார்கள். நிரவலும் கற்பனாஸ்வரமும் கேட்டவர்களுக்கு இது புதிதில்லை. பாடகி சொல்லில்லாமல் வெறும் அசைகளால் பாடினால் சிரிக்க வேண்டாம். வடமோடிக் கூத்தில் அண்ணாவியார் வாயால் தாளக்கட்டுச் சொல்வதற்கு அது தங்கை முறை. கடைசியில் நாலு தாளக்கட்டம் இவள், நாலு தாளக்கட்டம் ட்ரம்ஸ் என்று மாறி மாறி ஒரு சண்டை நடக்கும். மிருதங்கமும் கடமும் மல்லுக்கு நிற்பதை நினைத்துக்கொள்ளுங்கள். அப்போது மேடையில் யாராவது தன் உச்சந்தலையைத் தட்டிக் காட்டினால் தலையிடி என்று நினைக்காதீர்கள், ‘திரும்ப மெட்டுக்குப் போவோம்’ என்று அர்த்தம்.

இன்னொரு வடிவம், ப்ளூஸ், இன்னும் எளிது. மூன்று அடி. முதலடியை இரண்டு முறை சொல்வது, மூன்றாமடியில் பதில். நான் பிள்ளைகளுக்குக் காட்டுவதற்காகக் கட்டிவைத்தது இது:

பாலம் தாண்டிப் போன மனிசன் பதிலொன்றும் போடவில்லை,
பாலம் தாண்டிப் போன மனிசன் பதிலொன்றும் போடவில்லை,
வாவித் தண்ணி வற்றிப்போச்சு, என் கோவம் மட்டும் வற்றவில்லை.

அடிக்கு நாலு தாளக்கட்டம், மொத்தம் பன்னிரண்டு. ஒவ்வோர் அடியிலும் குரல் பாதி தூரம் கொஞ்சம் தாண்டி நின்றுவிடும், மிச்சத்தில் ஒரு கருவி பதில் சொல்லும். பிற்பாட்டுக்காரர் இல்லாத கூத்தை நினைக்க முடியுமா? அந்த இடம்தான் அது. இரண்டாம் முறை அதே அடியைச் சொல்லும்போது பாடகி மெட்டைச் சற்றே வளைப்பாள். எந்தச் சொல்லில் வளைக்கிறாள் என்று பாருங்கள். ‘மனிசன்’ என்ற இடத்தில் வளைத்தால் ஏக்கம், ‘பதில்’ என்ற இடத்தில் வளைத்தால் ஏச்சு.

இதையெல்லாம் எந்த ஜாஸ் கச்சேரிக்கும் சொல்லலாம். உங்கள் கேள்வியில் இருக்கிற முக்கியமான விஷயம் வேறு. பாடுகிற நால்வரும் பாட்டைத் தாங்களே எழுதியவர்கள். இது லேசில் வந்ததில்லை.

ஜாஸில் பெண்ணுக்கு மைக் சீக்கிரமே கிடைத்தது, பேனா கிடைக்க நாள் எடுத்தது. முப்பதுகளில், நாற்பதுகளில் பெரிய வாத்தியக் குழு என்றால் பதினைந்து ஆண்கள் வாசிப்பார்கள், மேடையோரத்தில் ஒரு கதிரையில் சோடித்து உட்கார்த்தி வைக்கப்பட்ட ஒரு பெண், தன் முறை வந்ததும் எழும்பிப் போய் ஒரு சுற்றுப் பாடிவிட்டு மீண்டும் கதிரைக்கு வருவாள். கேனரி என்று கூப்பிடுவார்கள், கூண்டில் வைக்கிற அந்த மஞ்சள் குருவியின் பெயரால். அவள் பாடிய பாட்டில் பெரும்பாலானவை நியூயோர்க் பாட்டுக் கம்பெனிகளில் ஆண்கள் எழுதியவை. பெண்ணின் ஏக்கமும்கூட ஆண் எழுதிக் கொடுத்த ஏக்கம்.

அதற்குள்ளும் எழுதியவர்கள் இருந்தார்கள். ப்ளூஸ் பாடகி பெஸ்ஸி ஸ்மித்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1927 பெப்ரவரியில் அவர் தானே எழுதி ‘பேக்வாட்டர் ப்ளூஸ்’ என்ற பாட்டை இசைத்தட்டில் பாடினார். வெள்ளம் வந்து வீடு போன ஒரு பெண்ணின் கதை. படகில் ஏற்றிப் போகிறார்கள், திரும்பிப் போக வீடில்லை. இரண்டு மாதத்தில் மிசிசிப்பி உடைத்துக்கொண்டு வந்து லட்சக்கணக்கான சனத்தைத் தெருவில் விட்டது. அந்தப் பெருவெள்ளத்தைப் பற்றிய பாட்டு என்றே எல்லோரும் நம்பினார்கள். உண்மையில் அவர் எழுதியது அதற்கு முன் டெனசி மாநிலத்தில் வந்த ஒரு வெள்ளத்தைப் பார்த்து என்று பிறகு ஆராய்ந்து சொல்கிறார்கள். 1957 வெள்ளத்தையும் 78 சூறாவளியையும் 2011 தை மாத வெள்ளத்தையும் கண்ட எங்களுக்கு, எந்த வெள்ளம் என்பது பெரிய கேள்வியா? நான் அந்தப் பாட்டை 2011 இல், நனைந்த கொப்பிகளை முற்றத்தில் காயவைத்துக்கொண்டு கேட்டேன். ஆங்கிலம் பாதிதான் பிடிபட்டது. பியானோ மட்டும் கீழ்ச்சுரங்களில் தண்ணீர் ஏறுகிற மாதிரி உருண்டுகொண்டே இருந்தது. அப்படியே கொப்பியைக் கையில் வைத்தபடி நின்றுவிட்டேன்.

ஜாஸ் பாடகி பில்லி ஹொலிடே 1941 இல் பாடிய ‘கோட் ப்ளெஸ் த சைல்ட்’ பாட்டை ஆர்தர் ஹேர்சொக் என்பவரோடு சேர்ந்து எழுதினார். தாயோடு காசு விஷயத்தில் பிடித்த சண்டையில் பிறந்தது என்று சுயசரிதையில் சொல்கிறார். கையில் இருக்கிறவனுக்கு எல்லோரும் சொந்தம், இல்லாதவனுக்கு யாருமில்லை என்பதுதான் உள்ளே இருக்கும் விஷயம். தாயோடு சண்டை பிடித்து எழுதிய பாட்டுக்கும், கம்பெனி எழுத்தாளர் மேசையில் இருந்து எழுதிய பாட்டுக்கும் குரலில் வித்தியாசம் தெரியும். கேட்டால் நீங்களே பிடிப்பீர்கள்.

பெண்கள் எழுதிய பாட்டு என்றால் எனக்கு மூத்தவர் என் அம்மம்மாதான். அக்கரைப்பற்றுப் பக்கம். அம்பாறைக் கரையோரத்தில், தமிழ்ப் பெண்களும் முஸ்லிம் பெண்களும் வயலிலும் உரலடியிலும் நாலடிக் கவி சொல்லுவார்கள், தெரியும்தானே. அம்மம்மாவுக்கு முதலிரண்டு அடி எப்போதும் ஒன்றுதான், எல்லோரும் சொல்கிறது. மூன்றாவது அடி அன்றன்றைக்கு மாறும். வாசலால் யார் போகிறார்களோ, முதல்நாள் யாரோடு கோபமோ, அது அந்த அடிக்குள் வந்துவிடும். ஒருமுறை வயல் சொந்தக்காரப் போடியார் ஒருவர் கூலி குறைத்த கதை மூன்றாமடியில் வந்து, நாலாமடியில் உலக்கை சற்றுப் பலமாக விழுந்தது எனக்கு இன்றைக்கும் கேட்கிறது. யாரும் அவரைக் கவிஞர் என்று சொன்னதில்லை. கூத்துக் களரியில் பெண் வேடத்தையும் ஆண்தான் கட்டினான். கோயிலில் வைகாசியில் பாடுகிற வழக்குரை கண்ணகியின் கதை, பாடுகிறவர் பெரும்பாலும் ஆண். பெண்ணின் பாட்டு அடுக்களைக்குள்ளும் வயலுக்குள்ளும் நின்றது. அங்கே கேனரிக்குக் கதிரையாவது கிடைத்தது என்று எனக்குச் சிலவேளை பகிடியாகத் தோன்றும்.

இன்றைக்கு எழுதிப் பாடுகிறவர்களில் இரண்டு மூன்று பேரைப் போவதற்கு முன் கேட்டுவிட்டுப் போங்கள். எஸ்பெரான்சா ஸ்போல்டிங், நான் மேலே சொன்ன பேஸைத் தானே வாசித்துக்கொண்டு பாடுகிறவர். விரல் ஒரு தாளத்தில், வாய் இன்னொன்றில். 2011 இல் சிறந்த புதுமுகக் கலைஞருக்கான கிராமி விருதை ஜாஸ் உலகத்திலிருந்து முதன்முதலாக வாங்கியவர். செசில் மக்லோரின் சல்வான்ட், தகப்பன் ஹெயிட்டி, தாய் பிரான்ஸ். 2023 இல் ‘மெலுசீன்’ என்று ஒரு தொகுப்புப் போட்டார். சனிக்கிழமைகளில் இடுப்புக்குக் கீழே பாம்பாகிற ஒரு பெண்ணின் பழங்கதை, பெரும்பகுதி பிரெஞ்சில். எனக்கு ஒரு சொல்லும் தெரியாது, முழுவதும் கேட்டேன். மகளுக்குக் கட்டாயம் லாவெய் பிடிக்கும், ஐஸ்லாந்துப் பிள்ளை, தாய் சீனப் பெண், செல்லோ வாசிப்பார். அவருடையது ஜாஸ்தானா என்று பெரியவர்கள் சண்டை பிடிக்கிறார்கள். அவரது 2023 தொகுப்புக்குக் கிராமிகூட பழைய பாணிப் பொப் பிரிவில்தான் கிடைத்தது. என் காதுக்கும் அது ஜாஸின் வாசல்படியில் நிற்கிற பாட்டு. வாசல்படியால்தானே உள்ளே போகவேண்டும்.

எங்கள் பக்கத்து ஆட்களும் உண்டு. அரூஜ் அஃப்தாப் பாகிஸ்தான்காரி, அமெரிக்காவில் ஜாஸ் படித்துவிட்டு உருதுக் கசலை ஜாஸின் அமைதிக்குள் கொண்டுவந்து 2022 இல் கிராமி வாங்கினார். தமிழ்நாட்டில் வளர்ந்த கானவ்யா 2018 இல் வெளியிட்ட ‘ஒண்ணு’ தொகுப்பில் பழைய ஜாஸ் பாட்டுகளைத் தமிழாக்கிப் பாடியிருக்கிறார். ஜாஸ் தமிழ் வாயில் எப்படி உட்காரும் என்று மகள் கேட்டால் அதைப் போட்டுக் காட்டுங்கள். கொழும்புப் பறங்கிப் பெண் யோலண்ட் பவன் 1962 இல் அமெரிக்காவில் லம்பர்ட், ஹென்ட்ரிக்ஸ் என்ற இரு பாடகர்களோடு மூன்றாமவராகச் சேர்ந்தார். வாத்தியத்தில் வாசித்த கற்பனைகளுக்கு அச்சொட்டாகச் சொல் வைத்து மூவரும் ஓடுகிற வேகத்தில் பாடுவார்கள். மூச்சு எங்கே எடுத்தார் என்று எனக்கு இன்னும் தெரியாது.

இலவசம் பற்றிக் கேட்டீர்கள். கேட்பவருக்கு இலவசம் என்றால் யாரோ கொடுத்துவிட்டார்கள் என்று அர்த்தம். தூதரகமோ கலாசார நிறுவனமோ பல்கலைக்கழகமோ வியாபாரியோ. இதில் சூது ஒன்றும் இல்லை, பழைய வழக்கம். 1963 இல் ஜாஸ் குழுத் தலைவர் டியூக் எலிங்டனைக் குழுவோடு அமெரிக்க அரசு ஆசியா முழுக்க அனுப்பியபோது கொழும்பிலும் வாசித்தார். பனிப்போர்க் காலத்து நல்லெண்ணச் செலவு அது. அரசியலுக்காக அனுப்பினாலும் வந்தது எலிங்டன்தானே. ஏற்பாட்டாளரிடம் நீங்கள் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான்: பாடுகிற பெண்களுக்குச் சம்பளம் உண்டா? சனத்துக்கு இலவசம் என்பதைக் கலைஞருக்கும் இலவசம் என்று திருப்பிப் போடுகிற கெட்டித்தனம் எங்கள் பக்கத்தில் தாராளமாக உண்டு. எனக்கும் நடந்திருக்கிறது, பொன்னாடையோடு வீட்டுக்கு வந்திருக்கிறேன்.

இந்த இடத்தில் மகளின் கொப்பிக்கும் ஒரு சொல். பாட்டை எழுதுகிறவள் உரிமையையும் தெரிந்திருக்க வேண்டும். இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, எழுதி முடித்த உடனேயே அந்தப் பாட்டு அவளுடையது. எங்கேயும் பதியத் தேவையில்லை, அவள் வாழ்நாளும் அதற்குப் பிறகு 70 வருடமும் உரிமை நிற்கும். ஜாஸ் பாடகி பெகி லீ 1955 இல் வந்த ஒரு டிஸ்னி கார்ட்டூன் படத்துக்குப் பாட்டுகள் சேர்ந்து எழுதிக் குரலும் கொடுத்தார். பிறகு வீடியோ கசற் என்று ஒன்று வந்து அந்தப் படம் கோடிக்கணக்கில் விற்றது, அவருக்குப் பங்கு வரவில்லை. பழைய ஒப்பந்தத்தை எடுத்து ஒவ்வொரு சொல்லாகப் படித்து வழக்குப் போட்டார். எழுபது வயதில், சக்கர நாற்காலியில் போய், 1991 இல் 23 லட்சம் டொலர் அளவில் வென்றார். கொப்பியில் ஒவ்வொரு பாட்டின் கீழும் திகதி போடச் சொல்லுங்கள். அவ்வளவு போதும் இப்போதைக்கு.

அன்றைக்கு நேரத்தோடு போங்கள். வெயில் தாழும் முன் போனால் ஒலி சரிபார்ப்பதையும் பார்க்கலாம். என்னைக் கேட்டால் கச்சேரியைவிடச் சுவையான பகுதி அதுதான். ஸ்பீக்கருக்கு நேர் முன்னால் இருக்க வேண்டாம், பேஸ் நிற்கிற பக்கமாக, மேடையிலிருந்து பதினைந்து இருபது அடியில் பாயைப் போடுங்கள். வாவிக் காற்று மைக்கில் விழுந்தால் புஸ்புஸ் என்று சத்தம் வரும், அது பாடகியின் பிழை இல்லை. எங்கள் ஊர் ஒலிபெருக்கிக்காரர்களுக்குத் திருவிழாப் பழக்கம். ஒருமுறை ஒரு பெண் மெல்லிய குரலில் பாடவந்தாள். ஒலியைக் கவனித்த பெடியன் நல்ல மனதோடு எக்கோவைத் திறந்துவிட்டான். அவள் சொன்ன ஒவ்வொரு சொல்லும் மூன்று தரம் திரும்பி வந்து ஒன்றன்மேல் ஒன்று ஏறி, கடைசியில் வரிகள் எதுவும் மிஞ்சவில்லை. சொல் முக்கியமான பாட்டுக்கு எக்கோ விஷம். அப்படி நடந்தால் கூச்சப்படாமல் போய், ‘தம்பி, அதைக் கொஞ்சம் குறையுங்கோ’ என்று சொல்லுங்கள். நான் அன்றைக்குச் சொல்லாமல் இருந்துவிட்டேன்.

போனில் முழுப் பாட்டையும் பிடிக்க வேண்டாம். புதுப் பாட்டு, இன்னும் வெளியிடாததாகவும் இருக்கலாம். பிடிப்பதென்றால் கேட்டுவிட்டுப் பிடிக்கட்டும்.

முதல் இரண்டு பாட்டில் ஒன்றும் பிடிபடாவிட்டால் பரவாயில்லை. மூன்றாவதில் பேஸைத் தேடுங்கள். நாலாவதில் வரியை மட்டும் கவனியுங்கள், ஆங்கிலம் என்றால் மகள் காதுக்குள் சொல்லுவாள். மாமிக்கு நித்திரை வந்தால் விட்டுவிடுங்கள், வாவிக்காற்றில் வருகிற நித்திரைக்குப் பாட்டு பொறுப்பில்லை. இடையில் ஒருத்தி தான் எழுதிய வரியிலேயே தடுக்கி, சிரித்து, எழுதாத ஒன்றை அந்த இடத்தில் போட்டுப் பாடினால், அதைத்தான் நான் உங்கள் இடத்தில் இருந்து கேட்க ஆசைப்படுவேன். 1960 இல் பேர்லினில் ஜாஸ் பாடகி எல்லா ஃபிட்ஸ்ஜெரல்ட் ஒரு பாட்டின் நடுவில் சொற்களை மறந்து, மறந்துவிட்டேன் என்பதையே பாட்டாக்கினார். அந்தப் பதிவுக்கும் கிராமி கிடைத்தது.

முடிந்ததும் உடனே எழும்பி ஓட்டோ பிடிக்க ஓடாதீர்கள். இப்படியான கச்சேரியில் பாடகிகள் மேடையிலிருந்து இறங்கி வந்து சனத்தோடு நிற்பது வழக்கம். மகளை அனுப்பி ஒரே ஒரு கேள்வி கேட்கச் சொல்லுங்கள்: இந்தப் பாட்டில் எது முதலில் வந்தது, சொல்லா மெட்டா? நால்வரிடமும் கேட்கட்டும். நான்கு விதமாகப் பதில் வரும் என்பது என் ஊகம். வந்ததை எனக்கும் எழுதி அனுப்புங்கள்.